அடையாள அட்டை எண்: பிறப்புப் பத்திரத்திலிருந்து போட்டோ கொப்பி வரை

உங்கள் இலங்கைத் தேசிய அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். பழைய அட்டை என்றால் 9 இலக்கமும் கடைசியில் 'வி' அல்லது 'எக்ஸ்' என்று ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். புதியது என்றால் 12 இலக்கம், எழுத்துக் கிடையாது. ஏதோ கம்ப்யூட்டர் போட்ட நம்பர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதில் உங்கள் பிறந்த நாள் இருக்கிறது, ஆணா பெண்ணா என்பதும் இருக்கிறது.

பழைய எண்ணில் முதல் 2 இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கம், அந்த ஆண்டில் நீங்கள் பிறந்தது எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டிப் போடுவார்கள். அதற்குப் பிறகு 3 இலக்கத் தொடர் எண், 1 சோதனை இலக்கம், கடைசியில் எழுத்து. 'வி' வாக்குரிமை உள்ளவருக்கு, 'எக்ஸ்' இல்லாதவருக்கு என்பது பொதுவான விளக்கம்.

நாள் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. எந்த ஆண்டாக இருந்தாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே வைத்துக் கணக்குப் போடுவார்கள். அதனால் மாத முடிவுகள் எப்போதும் ஒன்றுதான்: ஜனவரி 31, பெப்ரவரி 60, மார்ச் 91, ஏப்ரல் 121, மே 152, ஜூன் 182, ஜூலை 213, ஓகஸ்ட் 244, செப்டெம்பர் 274, ஒக்டோபர் 305, நவம்பர் 335, டிசம்பர் 366. 1987 மார்ச் 14 பிறந்த பெண்ணுக்கு 60 உடன் 14 கூட்டினால் 74, அதோடு 500, ஆக 574. அவர் எண் 87574 என்று தொடங்கும். எதிர்ப்பக்கமாகவும் பார்க்கலாம். நடுவில் 703 என்று இருந்தால் 500ஐக் கழித்து 203, ஜூன் வரைக்குமான 182ஐக் கழித்து 21. ஜூலை 21 பிறந்த பெண்.

கலண்டரைப் பார்த்து ஒன்று ஒன்றாக எண்ணியவர்கள், லீப் அல்லாத ஆண்டில் மார்ச் 1 அறுபதாவது நாள்தானே, எனக்கு ஏன் 061 போட்டிருக்கிறார்கள் என்று சண்டைக்குப் போவதுண்டு. அது பிழையில்லை. உண்மையான பிழை வேறு மாதிரி இருக்கும். அந்த மூன்று இலக்கம் 000 ஆகவோ, 367க்கும் 500க்கும் இடையிலோ, 866க்கு மேலோ இருக்கவே முடியாது. போட்டோ கொப்பியில் அப்படி ஓர் எண் தெரிந்தால், எழுதியவர் இலக்கம் மாற்றி எழுதியிருக்கிறார், அல்லது அந்த எண்ணே போலி. வட்டிக்குக் கொடுப்பவரும் வீட்டு வாடகைக்கு ஆள் வைப்பவரும் செய்யக்கூடிய இலகுவான சோதனை இது. அட்டையில் உள்ள பிறந்த திகதியையும் இந்த எண்ணையும் ஒப்பிட ஒரு நிமிடம்கூடப் போகாது.

12 இலக்கம் 2016 ஜனவரியில் வந்தது. காரணம் சுலபம். 2000இல் பிறந்த பிள்ளைகள் அந்த வருடம் 16 வயதாகி அட்டைக்கு வந்தார்கள். 2 இலக்கத்தில் ஆண்டு போட்டால் 00 என்பது 1900ஆ 2000ஆ என்று தெரியாது. அதனால் ஆண்டுக்கு 4 இலக்கம், நாளுக்கு 3, தொடர் எண்ணுக்கு 4, சோதனை இலக்கம் 1. பழைய எண்ணைப் புதிய முறையில் எழுத, முன்னால் 19 சேர்த்து, நாளுக்கான 3 இலக்கத்துக்குப் பிறகு ஒரு சைபர் செருகி, கடைசி எழுத்தை எடுத்துவிட வேண்டும். தொடர் எண்ணைக் கஙச என்றும் சோதனை இலக்கத்தை ட என்றும் வைத்துக்கொண்டால், 87 574 கஙச ட வி என்பது 1987 574 0கஙச ட ஆகும். சைபரைக் கடைசியில் போடுகிறவர்களும் முன்னால் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நாளுக்கும் தொடர் எண்ணுக்கும் நடுவில்தான் அது வரும்.

இரண்டும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன. ஆனால் வங்கியில் பழைய எண்ணில் கணக்கு, சிம்முக்குப் புதிய எண், ஊழியர் சேமலாப நிதியில் பழைய எண் என்று சிதறிக் கிடந்தால் கம்ப்யூட்டருக்கு நீங்கள் இரண்டு பேர். புதிய அட்டை கைக்கு வந்த வாரத்திலேயே பழையதின் போட்டோ கொப்பியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய் எண்ணை மாற்றிக்கொள்வது நல்லது. பழைய அட்டையின் கொப்பி ஒன்றை எப்போதும் வீட்டில் வையுங்கள். இருபது வருடத்துக்கு முன் திறந்த கணக்கைத் தேடும்போது அதுதான் கைகொடுக்கும்.

எண் எப்படி வருகிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்தது விளங்கிவிடும்: அட்டையில் வரும் பிழையெல்லாம் பெரும்பாலும் பிறப்புப் பத்திரத்தில் தொடங்கியது. நம் மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் அதைப் 'பர்த்' என்போம். பர்த் சரியாக இருந்தால் அட்டை எடுப்பது மூன்று கையெழுத்து வேலை. பர்த் பிழை என்றால் ஆறு மாதத்துக்கு அலைச்சல்.

முதலில் அதைத் தேடும் இடம். பிறப்பு பதியப்படுவது பிள்ளை பிறந்த இடத்தில், வீடு இருக்கும் இடத்தில் இல்லை. டிக்கோயாவில் பிறந்தால் ஒரு பக்கம், நாவலப்பிட்டி ஆஸ்பத்திரியில் பிறந்தால் கண்டி மாவட்டம், கண்டிக்கு அனுப்பிப் பிறந்த பிள்ளை என்றால் கண்டியில்தான் பதிவு. தோட்டம் நுவரெலியா மாவட்டத்தில் இருப்பதால் அங்கே தேடிக் 'கிடைக்கவில்லை' என்ற பதிலோடு வந்து, பதிவே இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அம்மாவிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எந்த ஆஸ்பத்திரி? பிள்ளையின் கிளினிக் அட்டை இருந்தால் அதில் இருக்கும்.

பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும். 3 மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு, அதற்குச் சத்தியக்கடதாசி, சாட்சிப் பத்திரங்கள் என்று தனி நடைமுறை. முந்திய காலத்தில் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், மருத்துவிச்சி கையில் பிறந்து, தோட்ட ஆபீஸ் வழியாகப் பதிவுக்குப் போன பிள்ளைகளின் பத்திரங்களில்தான் பெயர்க் குழப்பம் அதிகம். அப்பா சொன்னதைக் கிளாக்கர் கேட்டு எழுத, கிளாக்கர் எழுதியதைப் பதிவாளர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுத, லெட்சுமி ஓரிடத்தில் லெச்சுமி, இன்னோரிடத்தில் லக்ஷ்மி. 'ழ' இருக்கும் பெயர் வைத்தவர்கள் பாவம். சிங்களத்தில் அதற்கு எழுத்தில்லை, ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். அப்பா பெயர் முன்னாலா பின்னாலா என்பது இன்னொரு தலைவலி. பெருமாள் ராமையாவும் ராமையா பெருமாளும் நமக்கு வேறு வேறு ஆட்கள் என்று தெரியும், ஏனென்றால் ஒருவர் மகன், மற்றவர் அப்பனாகக்கூட இருக்கலாம். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2014 வரைக்கும் வடக்கு, கிழக்குக்கு வெளியே கொடுத்த அட்டைகள் சிங்களத்தில் மட்டும் இருந்தன. மலையகத்தில் ஒரு தலைமுறையே தன் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடியாமல் அட்டையைப் பையில் வைத்திருந்தது. பிழை தெரிய வருவது பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போதோ சேமலாப நிதி எடுக்கப் போகும்போதோதான். வீட்டில் பெரியவர்களிடம் அந்தப் பழைய அட்டை இருந்தால், சிங்களம் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். ஐம்பது வயதைத் தொடும் முன் இதைச் செய்தால் நல்லது. ஏன் ஐம்பது என்று கீழே வரும்.

பிறப்புப் பத்திரத்தில் திருத்தம் செய்வது இரண்டு வகை. எழுத்துப் பிழையைத் திருத்துவது ஒன்று, பெயரையே மாற்றுவது அல்லது சேர்ப்பது மற்றது. இரண்டுக்கும் விண்ணப்பம் வேறு, கேட்கும் சான்றும் வேறு. பிறப்பு பதியப்பட்ட பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் உங்கள் பிழை எந்த வகை என்று முதலில் கேளுங்கள். தப்பான விண்ணப்பத்தை நிரப்பி, சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து, அதற்கும் காசு கொடுத்த பிறகு 'இது அந்தப் பாரம் இல்லை' என்று கேட்பதைவிட எரிச்சல் வேறில்லை.

இனி அட்டை எடுக்கும் வழி. 2016ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு வயது 15. முன்பு 16. பாடசாலைப் பிள்ளை என்றால் அதிபர் அத்தாட்சிப்படுத்துவார். மற்றவர்களுக்குக் கிராம உத்தியோகத்தர், நம் பேச்சில் இன்றைக்கும் 'ஜீ.எஸ்.'தான். தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தோட்ட அதிகாரியும் அத்தாட்சி அலுவலர். ஜீ.எஸ். வழியாகப் போகும் விண்ணப்பம் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கி ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும். தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில், சுகுருபாய கட்டடத்தில். நுவரெலியாவிலும் திணைக்களத்தின் அலுவலகம் உண்டு. அவசரம் இல்லாதவர் பத்தரமுல்லைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

டி.எஸ். ஆபீஸ், அதாவது பிரதேச செயலகம், விஷயத்தில் கவனம். நுவரெலியா மாவட்டத்தில் முன்பு 5 பிரதேச செயலகங்கள், இப்போது 10. தலவாக்கலை, நோர்வூட் பக்கத்தவர்களுக்குத் தனிச் செயலகம் வந்திருக்கிறது. அப்பா காலத்தில் போன இடத்துக்கே போய் நின்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவு எதில் சேர்ந்தது என்பதை ஜீ.எஸ்.ஸிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் மக்களைச் சந்திக்கும் நாளையும் அப்படியே கேட்டுவிடுங்கள். மற்ற நாளில் கதவு பூட்டியிருக்கலாம்.

முதல் அட்டைக்குத் தேவையானவை: நிரப்பிய விண்ணப்பம், பிறப்புப் பத்திரத்தின் மூலப் பிரதி, ஸ்டூடியோ கொடுக்கும் சீட்டு, கட்டணம் கட்டிய பற்றுச்சீட்டு. கட்டணத்தை வர்த்தமானியில் மாற்றுவார்கள். முதல் அட்டைக்கு ஒன்று, திருத்தத்துக்கு ஒன்று, தொலைந்ததற்கு ஒன்று, ஒருநாள் சேவைக்கு இன்னொன்று. பக்கத்து வீட்டில் போன வருடம் கட்டிய தொகையை நம்பிப் போகாமல் அன்றைய தொகையை விசாரித்துக் கட்டி, பற்றுச்சீட்டைக் கையோடு வாங்குங்கள். இடையில் ஒருவர் 'நானே கட்டிவிடுகிறேன்' என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

படம் விஷயத்தில் பலருக்கும் காசு போகிறது. அட்டைக்கான படம் திணைக்களத்தில் பதிவு பெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்கள் படத்தை இணையம் வழியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு உங்களுக்கு ஒரு சீட்டுத் தருவார்கள். அந்தச் சீட்டைத்தான் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும், அச்சடித்த படத்தை அல்ல. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற நகரங்களில் ஒரே வரிசையில் நாலு ஸ்டூடியோ இருக்கும். எல்லாமே பதிவு பெற்றவை என்று நினைக்காதீர்கள். 'ஐடென்டிட்டி கார்டுக்குச் சீட்டு தருவீங்களா' என்று உட்காரும் முன் கேளுங்கள். படத்தில் முகம் நேரே, வாய் மூடி, கண் திறந்து, முடி கண்ணில் விழாமல், முகத்தில் நிழல் இல்லாமல் இருக்க வேண்டும். மலையில் மத்தியானமே மூடுபனி இறங்கினால் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும் நாட்களில், இணையத்தில் படம் உண்மையில் போய்விட்டதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது புத்தி. ஒரு பரீட்சை வருடத்தில் ஸ்டூடியோக்காரர் 'நாளைக்கு அனுப்புறேன்' என்பது இரண்டு வாரமாக நீளக்கூடும்.

விண்ணப்பத்தை நிரப்பும்போது பிறப்புப் பத்திரத்தை முன்னால் விரித்துவைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். பாடசாலை இடாப்பில் இருக்கும் பெயரை ஞாபகத்தில் எழுதுவதுதான் திரும்பி வருவதற்கு முதல் காரணம். வெட்டித் திருத்தியது, மையால் அழித்தது எல்லாம் கூடாது. பிழைத்தால் புதிய பாரம் எடுங்கள். விலாசத்தில் 'மேல் பிரிவு, 4ஆம் லயம்' என்று பிரிவையும் லயத்தையும் வாக்காளர் இடாப்பில் உள்ள மாதிரியே எழுத வேண்டும். தோட்டத்தில் ஒவ்வொரு காம்பராவுக்கும் தபால்காரர் வருவதில்லை. கடிதம் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்துதான் கைமாறி வீட்டுக்கு வரும். அட்டை வரும் காலம் கடந்துபோனால் முதலில் ஆபீஸ் மேசையில் கேளுங்கள், பிறகு ஜீ.எஸ்.ஸிடம் கேளுங்கள். அதற்கும் பிறகுதான் திணைக்களம். தகவலுக்கு 1919க்கு அழைத்துத் தமிழில் கேட்கலாம்.

சாதாரண தரப் பரீட்சைக்கு முன் அட்டை வராவிட்டால் பயப்பட வேண்டாம். விண்ணப்பித்த பிள்ளைகளுக்குத் திணைக்களம் விபரங்களை உறுதிப்படுத்தும் கடிதம் கொடுக்கிறது. அதிபர் ஊடாகப் போனால் வேகம். ஆனால் அது விண்ணப்பித்தவர்களுக்குத்தான். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது பர்த் தேடத் தொடங்கும் வீடுகளை எந்தக் கடிதமும் காப்பாற்றாது. பத்தாம் வகுப்பில் பிள்ளைக்கு 15 முடிந்த அன்றே தொடங்குங்கள்.

பிறப்புப் பதிவே இல்லாத பெரியவர்கள் வேறு கதை. பதிவைத் தேடிக் கிடைக்கவில்லை என்று பதிவாளர் பிரிவு எழுத்தில் கொடுப்பதை முதலில் வாங்க வேண்டும். அதற்கு மேல் பாடசாலை விடுகைப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம், விவாகப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் என்று எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். பிள்ளையின் பத்திரத்தில் தாயின் வயதும் பிறந்த இடமும் எழுதியிருக்கும், அது பெறுமதியான சான்று. வீட்டில் பெட்டிக்கடியில் தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தால் அதைக் கண்ணாடிக் கவருக்குள் போட்டு வையுங்கள், லமினேட் பண்ணாதீர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1964 ஒக்டோபர் 30 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கு பிரித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், அந்த 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக இருந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. பத்திரம் கேட்டு யாராவது திருப்பி அனுப்பினால் இந்தச் சட்டத்தின் எண்ணையும் ஆண்டையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது அந்த ஐம்பது வயது. சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். சம்பளத்தில் 8 வீதம் தொழிலாளியுடையது, 12 வீதம் தோட்டத்துடையது. முப்பது வருடம் சேர்ந்த காசு. அதை எடுக்கப் போகும்போது செக்ரோலில், அதாவது தோட்டத்தின் சம்பள இடாப்பில், பெயர் ஒன்று, அட்டையில் வேறொன்று, பர்த்தில் மூன்றாவது. கொழுந்துக் கூடை தூக்கிய காலத்தில் கங்காணி கூப்பிட்ட பெயரே செக்ரோலில் ஏறி, அதுவே நிதிக் கணக்கின் பெயராகிவிடும். சின்னப்பொண்ணு என்று இருபது வருடம் காசு கட்டுப்பட்டிருக்கும், அட்டையில் அவர் கனகம்மா. இதைத் திருத்தத் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். இருவரும் ஒருவரே என்ற சத்தியக்கடதாசியும் வேண்டும். தோட்டத்தை ஒரு கம்பெனியிடமிருந்து இன்னொரு கம்பெனி எடுத்திருந்தால் பழைய அங்கத்துவ எண்ணும் பழைய ஆவணங்களும் யாரிடம் என்று தேட வேண்டியிருக்கும். வேலையில் இருக்கும்போதே சம்பளத் துண்டில் உள்ள பெயரையும் அங்கத்துவ எண்ணையும் பார்த்து, அட்டை எண்ணை ஆபீசில் சரியாகப் பதியச் சொல்லுங்கள். ஓய்வுக்குப் பிறகு அதே கிளாக்கர் அந்தக் கதிரையில் இருப்பார் என்ற உத்தரவாதம் இல்லை.

சரி, எண்ணைக் காப்பாற்றுவது. இதில் என் அபிப்பிராயம் கொஞ்சம் வித்தியாசம். எண்ணை ரகசியமாக வைக்க முடியாது, அதற்கு மெனக்கெடவும் வேண்டாம். ஜீ.எஸ்., வங்கி, பாடசாலை, போன் கடை, அஸ்வெசும என்ற அரச நிவாரணப் படிவம் என்று அது ஏற்கெனவே நூறு இடத்தில் இருக்கிறது. 2020 மே மாதம் கொரோனா முடக்கத்தில் கடைக்குப் போகும் நாளையே அட்டையின் கடைசி இலக்கத்தை வைத்துத்தான் பிரித்தார்கள், வாசலில் நின்ற பொலிசுக்கெல்லாம் அட்டையைக் காட்டினோம். பிறந்த நாள் தெரிந்தவனுக்கு எண்ணில் பாதி ஏற்கெனவே தெரியும். அதனால் எண் என்பது உங்கள் பெயர் மாதிரி. பூட்டி வைக்க வேண்டியவை வேறு: அட்டையின் கொப்பி, அதில் போட்ட கையெழுத்து, போனுக்கு வரும் ஓ.டி.பி.

ஏ.டி.எம். இரகசிய எண்ணாகப் பிறந்த வருடத்தையோ அட்டையின் கடைசி நாலு இலக்கத்தையோ வைத்திருப்பவர்கள் இப்போதே மாற்றுங்கள். சம்பள நாளில் நகரத்துக்குப் போகும் பெண்களின் பர்ஸில் வங்கி அட்டையும் அடையாள அட்டையும் ஒரே மடிப்பில் இருக்கும். பர்ஸ் பறிபோனால் திருடனுக்குப் பூட்டும் திறப்பும் ஒன்றாகக் கிடைத்த மாதிரி.

போட்டோ கொப்பி கொடுக்கும்போது சும்மா கொடுக்காதீர்கள். கொப்பியின் குறுக்கே, படத்தின் ஒரு ஓரத்தைத் தொட்டபடி, பேனாவால் இரண்டு கோடு இழுத்து நடுவில் எழுதுங்கள்: 'இன்ன வங்கியில் சேமிப்புக் கணக்குத் திறக்க மட்டும்', கீழே திகதி. எண்ணையும் பெயரையும் மறைக்க வேண்டாம், மறைத்தால் வாங்க மாட்டார்கள். எழுத்து படத்தின் மேல் கொஞ்சமாவது ஏற வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிவிட்டுத் திரும்பக் கொப்பி எடுத்துவிடலாம். வெறும் கொப்பியில் கையெழுத்துப் போட்டு ஒருபோதும் கொடுக்காதீர்கள். கொப்பிக் கடையில் பிழையாக அடித்த தாளைக் கடைக்காரர் கூடையில் போட்டால் அதையும் கேட்டு வாங்குங்கள். வெறும் தாள்தான், ஆனால் உங்கள் முகம் அதில் இருக்கிறது.

நம் பக்கத்தில் இந்தக் கொப்பிகள் அதிகம் போய்ச் சேருவது நுண்கடன் குழுக்களுக்கு. வாரக் கடன் எடுக்கும் பெண்கள் ஐந்தாறு பேர் ஒரு குழு, ஒருவருக்கு ஒருவர் பிணை. குழுத் தலைவியிடம் எல்லோருடைய கொப்பியும் கட்டாக இருக்கும். உங்கள் பெயரில் இன்னொரு கடன் எழுத அந்தக் கட்டு போதும், கையெழுத்தும் சேர்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். கடன் முடிந்த அன்று, முடிந்துவிட்டது என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், கொப்பிகளையும் திருப்பிக் கேளுங்கள். பிணைக்குக் கையெழுத்துப் போட்டால் அது எந்தக் கடனுக்கு, எவ்வளவு தொகைக்கு என்று கொப்பியிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை நீங்களே எடுக்கலாம். 'கிரிப்' என்று வங்கியில் சொல்வது அதைத்தான். உங்கள் வங்கிக் கிளையில் கேட்டால் வழி சொல்வார்கள். எடுக்காத லீசிங் அதில் தெரிந்தால் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு, பொலிசில் ஒரு பதிவு, இரண்டின் பிரதியும் கையில்.

சிம்மும் அப்படித்தான். தெருவோரக் குடையின் கீழ் 'ஃப்ரீ சிம்' கொடுப்பவரிடம் அட்டையை நீட்டினால், அவர் போனில் அட்டையைப் படம் பிடிப்பார். ஒன்று எடுத்தீர்கள், அந்தப் படத்தில் மூன்று போயிருக்கலாம். தொலைபேசி நிறுவனத்தின் கிளைக்கே அட்டையோடு போய் உங்கள் பெயரில் எத்தனை இலக்கம் இருக்கிறது என்று கேட்டு, தெரியாததைத் துண்டிக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: மகன் கொழும்பிலிருந்து வாங்கிக் கொடுத்த சிம் அவன் நண்பன் பெயரில் இருக்கும். வங்கி ஓ.டி.பி. வருவது அந்தச் சிம்முக்குத்தான். உங்கள் காசின் திறப்பு வேறொருவர் பெயரில் தொங்குகிறது, உடனே மாற்றிக்கொள்ளுங்கள்.

அஸ்வெசும கிடைத்திருக்கிறது, அட்டை எண்ணும் ஓ.டி.பி.யும் சொல்லுங்கள் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். அஸ்வெசும பற்றி நீங்களே 1924க்கு அழைத்துக் கேட்கலாம். அட்டையின் படத்தை வட்ஸ்அப்பில் வேலை விளம்பரக்காரருக்கு அனுப்புவதும் இதே வகை. போனில் அட்டையின் படம் வைத்திருந்தால் கேலரியில் விடாதீர்கள், போனை ரிப்பேருக்குக் கொடுக்கும் நாளில் அதுவும் கூடவே போகும்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் அட்டையை வாங்கி 'பைலில் இருக்கட்டும்' என்றால் சம்மதிக்காதீர்கள். மூல அட்டை உங்கள் கையைவிட்டுப் போக எந்தத் தேவையும் இல்லை, கொப்பி போதும். முகவர் உரிமம் பெற்றவரா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்கலாம். கொழும்பு வீட்டு வேலைக்குப் பிள்ளையை அழைத்துப் போகும் தரகரும் கடனுக்கு அட்டையைப் பிடித்துவைக்கும் கடைக்காரரும் அதே ரகம். அட்டை கையில் இல்லாத ஆள் வங்கிக்கும் போக முடியாது, பொலிசுக்கும் போகத் தயங்குவார், சொன்ன சம்பளத்துக்கு நிற்பார். அது தெரிந்துதான் வாங்கிவைக்கிறார்கள்.

அட்டையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய லமினேட் அட்டையின் ஓரம் பிரிந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போய்ப் படம் நீலமாகக் கசியும். கொழுந்து மலையில் இடுப்புப் படங்குக்குள் வைத்து நனைத்தவை அப்படித்தான் போயின. பிரிந்த ஓரத்தைக் கடையில் திரும்ப லமினேட் பண்ணாதீர்கள். மேலே இன்னொரு பிளாஸ்டிக் ஏறிய அட்டையைப் பார்த்தால் படம் மாற்றியதோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். முகம் தெரியாமல் போனால் புதியதுக்கு விண்ணப்பியுங்கள். 2017 ஒக்டோபரில் வந்த ஸ்மார்ட் அட்டை தண்ணீருக்குத் தாங்கும், ஆனால் அடுப்புக்குப் பக்கத்திலும் பின் பொக்கெட்டிலும் வளையும்.

தொலைந்தால் முதல் வேலை பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு. முறைப்பாட்டின் பிரதி இல்லாமல் ஜீ.எஸ். விண்ணப்பத்தைத் தொட மாட்டார். பொலிசில் எண்ணைக் கேட்பார்கள், அதனால் எண்ணை வீட்டில் ஒரு கொப்பியில், சாமி அறைக் கலண்டரின் பின்னால், எங்கேயாவது எழுதி வைத்திருங்கள். எந்த நாள், எந்த இடம் என்று முறைப்பாட்டில் தெளிவாக இருக்கட்டும். நாளைக்கு உங்கள் அட்டையை வைத்து யாராவது ஏதாவது எடுத்தால் அந்தத் திகதிதான் உங்கள் சாட்சி. வங்கிக்கும் அன்றே சொல்லுங்கள். பிறகு படம், விண்ணப்பம், கட்டணம், எல்லாம் முன்பு சொன்ன வழிதான். பழைய அட்டை பிறகு கிடைத்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளாமல் பழையதை ஜீ.எஸ்.ஸிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

தேர்தல் அதற்குள் வந்துவிட்டால் செல்லுபடியான பாஸ்போர்ட், சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதிய அட்டை, முதியோர் அட்டை என்பவற்றில் ஒன்று போதும். எதுவும் இல்லாதவர் ஜீ.எஸ்.ஸிடம் இரண்டு படம் கொடுத்து அந்தத் தேர்தலுக்கான தற்காலிக அடையாள அட்டையைக் கேட்க வேண்டும். கடைசி நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படும், வாக்களிப்புக்கு முதல் நாள் போனால் கிடைக்காது.